கம்பியின் மறுமுனை

வான் அலைகள் பொதுச்சொத்து, அவை அரசின் ஏகபோகமாகவும் கூடாது, தனியாரின் ஏகபோகமாகவும் கூடாது என்று கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. கேபிள் அலையல்ல, கம்பி. ஆனாலும் அந்தத் தீர்ப்பு எச்சரித்த இரண்டு ஆபத்துகளையும் கம்பி வழியாகவே தமிழ்நாடு அடுத்தடுத்துப் பார்த்துவிட்டது. சேனல் நடத்தும் குழுமமே விநியோகத்திலும் ஓங்கி நின்ற காலத்தில், 2007இல் கருணாநிதி ஆட்சி அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கியது. அந்தக் குழுமத்தை நடத்திய மாறன் குடும்பத்துடன் சமரசம் ஏற்பட்ட பிறகு அது முடங்கிக் கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் வென்று 2011இல் முதல்வரான ஜெயலலிதா, செப்டம்பர் 2 அன்று மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

கட்டணம் குறைந்தது மக்களுக்கு நன்மைதானே என்று கேட்கலாம். நன்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விலை வேறு, பன்மை வேறு. எந்தச் சேனலை எந்த எண்ணில் வைப்பது, எதை வரிசையிலிருந்து எடுப்பது என்ற அதிகாரம் பலரிடம் பிரியவில்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. மாநில அரசுகள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்ததற்கு இந்த அச்சமே காரணம். திருச்சி போன்ற நகரங்கள் 2015 டிசம்பர் 31க்குள் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்று மத்திய அரசு கெடு வைத்தது. அரசு கேபிளுக்கான டிஜிட்டல் உரிமத்தையோ 2017 ஏப்ரலில்தான் கொடுத்தது. இலவச செட்டாப் பாக்ஸ் அந்த ஆண்டு செப்டம்பரில் வரத் தொடங்கியது. ஊர் மக்கள் எதைப் பார்ப்பது என்பது இரண்டு ஆட்சிகளின் இழுபறிக்குள் சிக்கியிருந்தது.

ஒரு அனலாக் சேனலின் இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட டிஜிட்டல் சேனல்களை அடக்கலாம், எனவே பன்மை தானாகப் பெருகும் என்பது மற்றொரு வாதம். எண்ணிக்கை பெருகியது உண்மை. ஆனால் அனலாக் காலத்தில் உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு ஆபரேட்டர், தெருக் குடிநீர்ச் செய்தியையும் கோயில் உற்சவத்தையும் தன் சிறிய கட்டுப்பாட்டு அறையிலிருந்தே கம்பியில் சேர்த்துவிட முடியும். டிஜிட்டலில் சேனல்களைத் தொகுத்துப் பூட்டும் வேலை தலைமை நிலையத்துக்குப் போய்விட்டது. அப்படி ஓரிடத்தில் குவிந்ததன் விளைவை 2022 நவம்பரில் கண்டோம். மென்பொருள் சேவை தொடர்பான ஒரே ஒரு பிணக்கால் பல லட்சம் வீடுகளில் அரசு கேபிள் நின்றுபோனது. டிடிஎச் இருக்கிறதே என்றால், நாடு முழுவதற்கும் ஒரே வரிசையை இறக்கும் அந்த டிஷ்ஷில் ஊர்ச் சேனலுக்கு இடமே இல்லை.

அரசு கேபிளை மூட வேண்டியதில்லை. சேனல் வரிசையையும் நீக்கத்தையும் முடிவு செய்யும் பொறுப்பை ஆட்சிக்கும் சேனல் முதலாளிகளுக்கும் கட்டுப்படாத ஓர் அமைப்பிடம் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் உள்ளூர்ச் சேனலுக்குச் சட்டப்படி இடம் ஒதுக்க வேண்டும்.