பந்தைப் பார்ப்பவர், ஆளைப் பார்ப்பவர்

போன மே மாசம் பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்தலக்குண்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கல்லூரி அணிகளின் கூடைப்பந்து ஆட்டம் பார்த்தேன். ஊர் பேரும் கல்லூரி பேரும் இங்கே வேண்டாம். கடைசி நிமிஷம், ஒரு புள்ளிதான் வித்தியாசம். பின்தங்கியிருந்த அணியின் பையன் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தான். தடுத்தவன் மல்லாக்க விழுந்தான். பந்து கூடைக்குள் போய்விட்டது. விசில்! நடுவர் அந்தக் கூடையை ரத்து செய்து, பாய்ந்தவன் மேலேயே ஃபவுல் கொடுத்தார். அவனுக்கு அது அஞ்சாவது ஃபவுல், ஆளே வெளியே.

"கண்ணு தெரியலையா சார்!" என்று காலரியே எழுந்து நின்றது. (நம்ம பக்கம் திட்டும்போதும் ஒரு சார் போட்டுத்தான் திட்டுவோம்.)

ஆட்டம் முடிந்து டீக்கடையில் மறுபடி ஆரம்பித்தது. ஒரு காலத்தில் ஆடியவர் ஒருத்தர், இப்போது லாரி பட்டறை வைத்திருக்கிறார், நடுவரை விடவில்லை. "தடுத்தவன் நகர்ந்துக்கிட்டு இருந்தான் சார். இந்தப் பையன் யுனிவர்சிட்டி டீமுக்குப் போக வேண்டியவன். செலக்‌ஷன் பண்றவங்க உக்காந்திருந்தாங்க." அது வெறும் கோபம் இல்லை. பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி உண்டு. ஒரு விசிலில் அது போகும்.

நடுவர் ரிட்டையர் ஆன உடற்கல்வி ஆசிரியர். அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "நீங்க பந்தைப் பாத்தீங்க தம்பி. நான் ஆளைப் பாத்தேன்."

இந்த வாக்கியம் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏனென்றால், இந்த ஆட்டம் பிறந்தபோதே அது விதியாக எழுதப்பட்டிருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் நடுவர்கள் ரெண்டு பேர். 'அம்பயர்' ஆட்களைப் பார்ப்பார், ஃபவுலைக் குறிப்பார். 'ரெஃப்ரீ' பந்தைப் பார்ப்பார், கூடை விழுந்ததா என்று சொல்வார், நேரமும் அவர் கணக்கு. பார்வையாளர் அத்தனை பேரும் ரெஃப்ரீயின் வேலையை இலவசமாகச் செய்கிறவர்கள். அம்பயர் பார்க்கிற ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்கு ரெண்டு பேருக்கும் விசில் உண்டு, பார்க்கும் பகுதியை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் பந்து இல்லாத பக்கத்தை ஒருத்தர் பார்த்தே ஆகவேண்டும்.

நெய்ஸ்மித் ஏன் அவ்வளவு விதி எழுதினார்? 1939-ல் ஒரு வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். முதலில் விதிகள் போதவில்லையாம். பையன்கள் உதைத்து, குத்தி, கட்டிப் புரண்டார்கள். ஒருத்தன் மயங்கியே விழுந்தான். அடிதடியில் இருந்துதான் விதி வந்திருக்கிறது.

ரசிகர்களும் ஆரம்பத்தில் இருந்தே உள்ளே கை வைத்தவர்கள்தான், நிஜமாகவே! கூடையை மாடியின் கைப்பிடிச் சுவரில் மாட்டியிருந்ததால், மேலே இருந்து பார்ப்பவர்கள் கையை நீட்டி எதிரணிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அதைத் தடுக்கத்தான் கூடைக்குப் பின்னால் போர்டு வந்தது. பந்தை மோதவிட்டுக் கூடையில் போட அது வசதியானது பிறகுதான்.

நம்ம பக்கம் இந்த ஆட்டம் பரவிய வழி பெரும்பாலும் ஒய்.எம்.சி.ஏ.வோடது. கொடைக்கானலில் 1901-ல் தொடங்கிய ஹைகிளெர்க் பள்ளியின் (இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி) முதல் தலைவர் மார்கரெட் எடி. இந்திய ஒய்.எம்.சி.ஏ.வில் பேர்போன ஷெர்வுட் எடியின் அம்மா. ஸ்பிரிங்ஃபீல்டில் பயிற்சி பெற்ற ஹாரி குரோ பக் 1920-ல் மெட்ராஸில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. பள்ளியைத் தொடங்கினார், பிறகு அது கல்லூரியானது. அங்கே படித்தவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மலையடிவாரத்துப் பெரியகுளம் மாதிரி சின்ன ஊரில் சில்வர் ஜூப்ளி கிளப் அகில இந்தியப் போட்டி நடத்துகிற அளவுக்கு இந்த ஆட்டம் வேர் விட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது என்று நினைக்கிறேன். கோர்ட்டுக்குக் கோடு போடுபவர், அணிக்குப் பயிற்சி தருபவர், விதி தெரிந்தவர் எல்லாம் ஒரே பி.டி. வாத்தியார். ஆகவே விசிலும் அவர் கையில். போட்டி நடத்தும் கல்லூரியின் வாத்தியாரே, தன் அணி ஆடும் ஆட்டத்துக்கு நடுவராக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அவர் யோக்கியராகவே இருக்கலாம். அதைப் பார்த்து ஜனங்கள் கத்தினால் நான் கத்துகிறவர்கள் பக்கம்தான். (நெய்ஸ்மித்தும் தன் வகுப்பு ஆட்டத்துக்குத் தானே நடுவராக நின்றவர். ஆனால் அங்கே ரெண்டு பக்கமும், பக்கத்துக்கு 9 பேர், அவர் மாணவர்கள்.)

அன்றைய விசிலில் மட்டும் நான் நடுவர் பக்கம். தடுப்பவன் சிலை மாதிரி நிற்க வேண்டும் என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். விதி அப்படி இல்லை. எதிராளியைப் பார்த்தபடி ரெண்டு காலையும் தரையில் ஊன்றி முதலில் இடம் பிடித்துவிட்டால் போதும், அப்புறம் அவன் பின்னாலும் பக்கவாட்டிலும் நகரலாம். நெஞ்சில் வந்து மோதியவன் மேல்தான் ஃபவுல். பாய்பவன் தரையை விட்டு எழும்பிய பிறகு குறுக்கே வந்தால்தான் தடுத்தவன் தப்பு. 'ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!' என்று கத்துவதிலும் இதே கதை. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவனுக்கான அடிக்கணக்கை ஃபிபா 2017-ல் மாற்றியது. காலரிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் மூணு நடுவர்கள், வீடியோ வேறு. அங்கேயும் இந்தச் சண்டை ஓயவில்லை. அன்றைக்கு இங்கே ரெண்டே பேர், வீடியோ என்றால் யாரோ ஒரு பையனின் செல்போன். அதையும் ஓட்டிப் பார்த்தோம். அவன் பந்தைத்தான் எடுத்திருந்தான், தடுத்தவனின் கால் சட்டத்துக்கு வெளியே.

கடைசியில் நடுவர் டீ கிளாஸின் ஈரத்தில் விரலைத் தொட்டு, பெஞ்சில் ரெண்டு பாதம் வரைந்தார். "இங்க நின்னான் தம்பி."

பட்டறைக்காரர் ஒரு பாதத்தை அழித்து ஒரு சாண் தள்ளி வரைந்தார். "இல்ல சார், இங்க."

கொடைக்கானல் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நடுவர் பையைத் தூக்கிக்கொண்டார். ஏறும்வரை இவர் கூடவே பேசிக்கொண்டு போனார்.