துணி தேய்த்த திசை

எங்கள் குன்றாண்டார்கோவில் குடைவரையைக் காண வருவோர் சுவரைத் தடவிப் பார்க்கட்டும். 8ஆம் நூற்றாண்டில் உளி பிடித்தவன், எங்கே அடித்தால் எப்படிப் பிளக்கும் என்பதை அறிந்தே அடித்தான். அறிந்திராவிட்டால் குன்று மண்டபமாகியிராது.

ஆனால் முழுக் காரணம் அறியாமலேயே எண்பது ஆண்டுக்கு மேல் நடந்துவந்த வேலையொன்று உண்டு, தோழர்களே! அது நடந்தது கோயிலில் அன்று, ஆராய்ச்சிக் கூடத்தில்.

1888இல், பிராகு நகரின் தாவர நூலறிஞர் ரைனிட்சர், கொலஸ்டிரால் சேர்ந்த பொருளொன்றைச் சூடாக்கினார். 145.5 பாகையில் உருகிக் கலங்கி நின்றது; 178.5 பாகையில் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? திகைத்தவர், செர்மானியப் பௌதிக அறிஞர் லேமனுக்கு எழுதினார். நீர்போல் ஓடுகிறது, படிகம்போல் ஒளியை முறிக்கிறது என்று கண்ட லேமன், 1889இல் ‘ஓடும் படிகம்’ என்றார். நாம் நீர்மப் படிகம் என்போம். இது வெறும் கலவை என்று எள்ளி நகையாடிய பேரறிஞரும் இருந்தனர்.

இங்கே நம்மவரின் தவறொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நுண்ணோக்கியின் கீழ் இப்படிகங்கள் நெளிந்தன, பிரிந்தன, கூடின. ‘உயிருள்ளவைபோல் தோன்றும் படிகங்கள்’ என்று லேமனே எழுதினார். ‘போல்’ என்ற சொல்லில் எச்சரிக்கை இருந்தது. டார்வின் கொள்கையை ஊரெங்கும் முழங்கிய எக்கலோ, 1917இல் ‘படிக ஆன்மாக்கள்’ என்று ஒரு நூலே எழுதிவிட்டார்! மதவாதிகளின் ஆன்மாவை மறுத்தவர், கல்லுக்கும் ஓர் ஆன்மாவை வழங்கினார். பகுத்தறிவு பேசுவோர் நாமும் வழுக்கி விழக்கூடிய இடம் இது.

ஆன்மாவைத் தேடாமல் கண்ணாடியைத் துடைத்தவர் பிரெஞ்சுக்காரர் மோகன். (பெயரொலியைக் கேட்டு நம்மூர்க்காரர் என எண்ணவேண்டாம்!) தேய்த்த கண்ணாடியின்மேல் நீர்மப் படிகம் தேய்த்த திசையிலேயே வரிசை பிடித்து நிற்பதை 1911இல் அவர் கண்டார். இரு கண்ணாடிகளின் திசைகளை மாற்றிவைத்தால் இடையிலுள்ள மூலக்கூறுகள் படிப்படியாகத் திருகிக்கொண்டன. 1970இல் பாசல் நகரில் ஷாட்டும் எல்ஃப்ரிக்கும் அத்திருகலை மின்னழுத்தத்தால் அவிழ்த்துக் காட்டினர். கைக்கடிகாரமும் கணக்கிடும் கருவியும் அதன்வழி வந்தன.

ஆனால் துணியால் தேய்த்தால் ஏன் திசை பிடிக்கிறது? தேய்ப்பதால் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. அவற்றிற்குக் குறுக்கே கிடந்தால் நீர்மம் வளையவேண்டும், நெடுக்கே கிடந்தால் வளைவில்லை என்று 1972இல் பெரிமன் கணக்கிட்டார். அழகான விளக்கம். ஆயினும் முழு உண்மை அன்று. 1990களின் தொடக்கத்தில், துணியே படாமல், ஒரு தளத்தில் அதிரும் ஒளியைப் பாய்ச்சியே திசை கொடுத்துக் காட்டினர். பள்ளமே இல்லை, வரிசை மட்டும் இருந்தது!

1995இல் எக்ஸ் கதிர் விடை கொணர்ந்தது. கண்ணாடிமேல் பூசிய பாலிஇமைடுப் படலத்தின் மேற்பரப்பிலுள்ள சங்கிலி மூலக்கூறுகள், தேய்த்த திசையில் நீண்டு கிடந்தன. நீர்மப் படிக மூலக்கூறு ஏறத்தாழ 2 நானோமீட்டர் நீளமுள்ள கோல். சங்கிலிக்கு இணையாகக் கிடந்தால் அதன் உடல் முழுதும் நெருங்கித் தொடும். குறுக்கே கிடந்தால் ஓரிடத்தில் மட்டுமே தொடும். மூலக்கூறுகளுக்கிடையேயான வாண்டர்வால்சு ஈர்ப்பு, அணுக்கள் சற்றே விலகினாலும் விரைந்து தேய்வது. ஆகவே இணையான கிடையே வெல்கிறது. முதல் அடுக்கு திசை பிடித்ததும் அடுத்தது அதைப் பின்பற்றுகிறது. சில நானோமீட்டரில் பிறந்த ஆணை, சில ஆயிரம் நானோமீட்டர் தடிப்புள்ள படலம் முழுவதும் செல்கிறது.

கோல் வடிவ மூலக்கூறே நீர்மப் படிகமாகும் என்று உலகம் நெடுநாள் நம்பியது. அதை உடைத்தவர் பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் சி. சந்திரசேகர். விண்மீன் ஆய்ந்த சந்திரசேகர் வேறு. இவர் 1930இல் பிறந்து 2004இல் மறைந்தவர். சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் 1977இல், தட்டு வடிவ மூலக்கூறுகள் காசுகளை அடுக்கியதுபோல் தூண்களாவதைக் காட்டினார். அவ்வறிக்கை சீமை ஏட்டில் வரவில்லை. ‘பிரமாணா’ என்னும் இந்திய ஏட்டில் வந்தது. அத்தகைய தட்டுகளைக் கொண்டு, பக்கவாட்டிலிருந்து நோக்கினாலும் திரை தெளிவாகத் தெரியச் செய்யும் படலத்தை 1990களில் சப்பானில் ஆக்கினர். அத்தட்டுகளுக்குத் திசை காட்டியதும் துணியால் தேய்த்த பரப்புத்தான்.