இரவல் மெட்டும் சட்டத்தின் செவியும்: மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை

முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் இவ்வகையில் கிடைக்கின்றன. சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்த இவற்றை நோட்டுசுவரங்கள் என்பர். அவற்றுள் ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டேதான். அயலார் மெட்டு, உள்ளூர்ச் சொல், ஒரு தேர்ந்த கையின் இணைப்பு. இன்றைய வழக்கில் சொன்னால், இது கவர் பாடல்.

மும்பை மாட்டுங்காவில் 1952இல் தோன்றிய சண்முகானந்தா சபையின் சூழலில் எவரும் நோட்டுசுவரத்தைத் திருட்டு என்று சொல்லமாட்டார். இன்னும் சொல்லப்போனால், கருநாடக இசையுலகில் ‘கவர்’ என்ற கருத்துக்கே இடமில்லை. ஒரே தியாகராஜ கிருதியை நூறு பேர் பாடுகிறார்கள். ரசிகர் கேட்பதெல்லாம் பாடாந்தரம் சுத்தமாக இருக்கிறதா, மனோதர்மம் எந்த அளவுக்கு விளைந்திருக்கிறது என்பதுதான். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையிலுள்ள இழுபறியே அங்கு விமர்சனத்தின் உயிர். மாட்டுங்காவுக்கு அடுத்த ரயில் நிலையம் சயான். அதை ஒட்டிக் கிடக்கிறது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் அங்கே இணையத்திலிருந்து இறக்கிய அமெரிக்க பீட்டின் மேல் தங்கள் சொல்லை ஏற்றும்போது, ‘நகல்’ என்ற சொல் எளிதில் வந்து விழுகிறது. செயல் ஏறத்தாழ ஒன்றே, தீர்ப்பு வேறு. சாதியும் வர்க்கமும் இந்த வேறுபாட்டில் பங்கு வகிக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் மழுப்ப வேண்டியதில்லை. எனினும் அது மட்டுமே காரணம் என்று நிறுத்திவிட்டால், இசை பற்றிய கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்.

அந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்ட ஓர் இடம் எதிர்பாராத திசையில் இருக்கிறது: வீடியோ கேம் இசையின் ரசிகர் உலகம். 1999 டிசம்பரில் அமெரிக்கரான டேவிட் லாய்டு தொடங்கிய ‘ஓவர்க்ளாக்டு ரீமிக்ஸ்’, விளையாட்டு இசைக்கு ரசிகர்கள் செய்த மறு ஆக்கங்களை இலவசமாக வெளியிட்டுவருகிறது. வருவதையெல்லாம் ஏற்பதில்லை, நடுவர் குழு ஒன்று கேட்டு வாக்களிக்கிறது. மூலம் அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் மூலத்தை அப்படியே திருப்பி வாசித்திருக்கவும் கூடாது. மிக நெருங்கினாலும் தள்ளுபடி, மிக விலகினாலும் தள்ளுபடி. மாட்டுங்கா ரசிகரின் பாடாந்தர–மனோதர்ம இழுபறி ஆகாமல் இது வேறென்ன?

விளையாட்டு இசைக்கு இந்த அளவுகோல் ஏன் தேவைப்பட்டது என்பது அந்த இசையின் அமைப்பிலேயே இருக்கிறது. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்குக் கோஜி கோண்டோ இசையமைத்தபோது, நிண்டெண்டோ கருவியின் ஒலிச்சில்லில் இருந்தவை ஐந்தே தடங்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல் தடம், பதிவு செய்த ஒலிக்கு இன்னொன்று. ஒரு முழு வாத்தியக் குழு செய்ய வேண்டியதை அந்தச் சில தடங்களில் அடைத்தாக வேண்டும். மேலும் அந்த இசைக்கு முடிவு கிடையாது. ஆடுபவர் கட்டத்தைக் கடக்கும்வரை அது சுற்றிச் சுற்றி வரும். நேரம் நூறுக்குக் கீழே இறங்கினால் வேகம் கூடும். முடிவை எழுதுபவர் ஆடுபவர்தான். ஆகவே அந்த இசையை விளையாட்டிலிருந்து பிரித்து மேடைக்குக் கொண்டுவருபவர், இல்லாத தொடக்கத்தையும் இல்லாத முடிவையும் தாமே உண்டாக்கியாக வேண்டும். செயற்கை அலையை வீணைக்கோ வயலினுக்கோ மாற்றி, நான்கு சுற்று வாசித்து, ஒலியைத் தேய்த்து முடிப்பது வாத்திய மாற்றம் மட்டுமே. கருவியின் வசீகரத்தை ஆக்கத்தின் வசீகரமாக எண்ணிக் கைதட்டும் பழக்கம் கேட்பவரிடம் இருக்கிறது. விமர்சனம் அங்கேதான் கறாராக இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பலர் மூலமென்று போற்றும் விளையாட்டு இசையிலேயே கவர் இருக்கிறது. 1989இல் கேம் பாய் கருவியில் வந்த ‘டெட்ரிஸ்’ விளையாட்டின் புகழ்பெற்ற இசை, ரஷ்ய நாட்டார் பாடலான ‘கொரோபெய்னிகி’யை ஹிரோகஸு தனாகா மறு ஆக்கம் செய்தது. அதே விளையாட்டின் இன்னொரு தடத்தில் பாக் ஒலிக்கிறார்.

முடிவற்ற சுற்று என்பது ஹிப்-ஹாப்புக்கும் அடித்தளம். 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றிச் சுழற்றித் தாளப் பகுதியை மட்டும் நீட்டித்தார். அந்த நீட்சியில் சொல்லுக்கு இடம் பிறந்தது. பீட் என்பது யாரோ ஒருவர் வந்து நிரப்புவதற்காகத் திறந்து வைக்கப்பட்ட சுற்று. இரவல் பீட்டில் பாடும் ராப் கலைஞரை, அந்தச் சுற்றுக்கு அவர் கொண்டுவந்தது என்ன என்று கேட்டு மதிப்பிடுவதே பொருத்தம். பீட் யாருடையது என்பது தனிக் கேள்வி. அது நீதிமன்றத்துக்கு உரியது.

நீதிமன்றத்தின் கதை மும்பைக்கு மிக நெருக்கமானது. 1980களில் குல்ஷன் குமாரின் டி-சீரிஸ், பழைய இந்தித் திரைப்பாடல்களைப் புதிய குரல்களில் பாடவைத்து மலிவு விலை ஒலிநாடாக்களாக விற்றது. பழைய பதிவுகளைக் கையில் வைத்திருந்த எச்எம்வி நிறுவனம் வழக்குகளில் இறங்கியது. டி-சீரிஸுக்குத் துணை நின்றது 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஜே) பிரிவு. முதல் பதிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தால், முன்னறிவிப்புக் கொடுத்து, உரிமத்தொகை செலுத்தி, எவரும் புதிதாகப் பதிவு செய்யலாம் என்றது அது. 2002இல் ‘காண்டா லகா’ ரீமிக்ஸ் கிளப்பிய அலையையும் தாண்டி, 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிவை நீக்கி 31சி பிரிவைக் கொண்டுவந்தது. காத்திருப்பு ஐந்து ஆண்டுகளானது. ஆண்டொன்றுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்குரிய தொகையைக் கட்ட வேண்டும்.

இத்திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சொல் மாற்றம் இருக்கிறது. பழைய பிரிவு, பதிவுக்காகத் தழுவுவதற்கு நியாயமாகத் தேவைப்படும் மாற்றங்களை அனுமதித்தது. புதிய பிரிவோ, உரிமையாளர் முன்பே இசைந்த மாற்றங்கள் நீங்கலாக, தொழில்நுட்பரீதியாகத் தேவையான மாற்றத்தை மட்டுமே அனுமதிக்கிறது. அமெரிக்கச் சட்டம் கட்டாய உரிமத்தை 1909லேயே ஏற்றது. பாடுபவரின் பாணிக்கேற்ப ஒழுங்கமைத்துக்கொள்ளும் உரிமையை இன்றும் அது தருகிறது, அடிப்படை மெட்டைச் சிதைக்கலாகாது என்ற வரம்போடு. இந்தியச் சட்டத்தின் செவிக்கு மாறாத நகலே நல்ல கவர். விமர்சகர் எதைக் குறை என்று தள்ளுவாரோ அதற்குச் சட்டம் உரிமம் தருகிறது. எதைக் கலை என்று ஏற்பாரோ அதற்குத் தனி அனுமதி கேட்கிறது. தீட்சிதர் இன்று, காப்புரிமை முடியாத ஒரு மெட்டுக்குப் புதுச் சாகித்தியம் எழுதியிருந்தால், 31சி அவருக்கு உதவியிருக்காது.

தாராவி இளைஞருக்கோ இந்தப் பிரிவு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அவர் மெட்டை மறுபடி வாசிப்பதில்லை, பதிவையே எடுத்தாள்கிறார். கவர் வேறு, பதிவை எடுத்தாள்வது வேறு. இரண்டையும் ‘காப்பி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் விமர்சனமும் குழம்புகிறது, சட்ட உரையாடலும் குழம்புகிறது. 2014இல் குர்லாவைச் சேர்ந்த நேஸி, இணையத்தில் கிடைத்த ஒரு பீட்டின் மேல் ஐபேடிலேயே பதிவு செய்த ‘ஆஃபத்’ மும்பைத் தெரு ராப்பின் திருப்புமுனைகளில் ஒன்று. ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுக்கக் காசில்லாத ஒரு தலைமுறைக்கு இரவல் பீட்டே பள்ளிக்கூடம். ஆனால் அந்தப் பள்ளியில் எழுதிய பாடலிலிருந்து வருமானம் வரத் தொடங்கும்போது, பீட்டின் உரிமையாளர் கைநீட்டலாம். 2007இல் யூடியூப் அறிமுகம் செய்த கன்டென்ட் ஐடி முறை அந்தக் கையை இயந்திரமாகவே ஆக்கிவிட்டது. சொல் பாடியவருடையதாக இருந்தும் பணம் வேறிடம் போகும்.

2018இல் பா. ரஞ்சித்தின் ‘காலா’ வந்தபோது நிலைமையின் மறுபக்கம் தெரிந்தது. தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழு, சந்தோஷ் நாராயணனின் இசையில், இரவல் அல்லாத பீட்டில், தமிழ்ப் பெருந்திரையில் ராப் பாடியது. (படத்தின் தாராவி பெரும்பாலும் சென்னையில் எழுப்பப்பட்ட அரங்கம்; அந்த வகையில் ஊருக்கே ஒரு கவர்.) அடுத்த ஆண்டு ‘கல்லி பாய்’ படத்தில், டிவைனும் நேஸியும் 2015இல் வெளியிட்ட ‘மேரே கல்லி மே’ ரன்வீர் சிங்கின் குரலும் சேர்ந்து மறுபடி ஒலித்தது. இங்கே தெருவின் பாடலுக்குத் திரைத்துறை கவர் செய்கிறது. அதை ‘நகல்’ என்று எவரும் இகழவில்லை, ‘மரியாதை’ என்றார்கள். அனுமதியும் ஊதியமும் இருந்த இடத்தில் அச்சொல் பொருந்தவும் செய்யும். ஆனால் இசையாக ஒப்பிட்டுக் கேட்டால், பழைய பதிவின் கரடுமுரடான அவசரம் புதியதில் வழவழப்பாகியிருக்கிறது.

இரவல் பீட்டில் வரும் எல்லாவற்றையும் எதிர்ப்புக் குரல் என்று கொண்டாடுவதும் சோம்பேறித்தனமே. அமெரிக்க ராப்பரின் மூச்சுவிடும் இடத்தைக்கூட அப்படியே பின்பற்றி, அசை எண்ணிச் சொற்களை நிரப்பும் பாடல்கள் ஏராளம். தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும்; தாளத்துக்காக நெடிலைக் குறுக்குபவர் மெட்டை மட்டுமன்றி மொழியையும் இழக்கிறார். நெல்லைப் பேச்சும் பம்பையா இந்தியும் மராத்தியும் ஒரே வரியில் மோதும்போது தாளத்தின் அழுத்தம் இடம் மாறுகிறது; பீட் எழுதியவர் எண்ணியிராத இடத்தில் எதுகை விழுகிறது. கவனித்துக் கேட்கவேண்டியது அந்த இடமாற்றத்தையே.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சபைக் கச்சேரிகளை விமர்சித்துத் தேர்ந்த காதுகள் இதற்குப் பயன்படக்கூடியவை. நிரவலில் ஒரே சாகித்திய வரியை வெவ்வேறு இடத்தில் நிறுத்திப் பார்க்கும் பயிற்சிக்கும், சுற்றுக்குள் சொல்லை நகர்த்தும் ராப்புக்கும் பொதுவான கணக்கு உண்டு. இரண்டையும் ஒருசேரக் கேட்டு எழுதிய தமிழ் விமர்சனம் அரிது.

2023இல் டொராண்டோவின் விசாய் கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் 1988இல் தொடங்குகிறது. அதில் வரும் பாடல்கள் வெவ்வேறு காலகட்டத் தமிழ்த் திரையிசையின் பாணியைத் திட்டமிட்டு நினைவூட்டுபவை. மெட்டு எதையும் எடுக்காததால் அவற்றுக்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை. பாணிக்குச் சட்டத்தில் காப்பு இல்லை. அடுத்த ஆண்டு அந்த விளையாட்டு சிறந்த அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. அந்தப் பாடல்களில் ஒன்றை ஒரு ரசிகர் நாளை வீணையில் வாசித்து, இடையில் தம் கற்பனையாக நான்கு ஆவர்த்தனம் சேர்த்தால், அவருக்கு அனுமதி தேவை.