விநோதம் என்னும் சொல்லின் பழைய வாழ்வு

பெங்களூர்ப் பள்ளிகளின் ஆண்டுவிழா அழைப்பிதழில், தலைமையுரைக்கும் பரிசளிப்புக்கும் பின்னர், ‘விவித விநோதாவளி’ என்று கன்னடத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். சிறுவர்களின் ஆடலும் பாடலும் நாடகமும் சேர்ந்த உல்லாச நிகழ்ச்சிகளையே அது குறிக்கிறது. அவ்வூர்த் தமிழர் காலையில் பிரிக்கும் தமிழ்ச் செய்தித்தாளிலோ விநோதம் என்பது ‘விநோத நோய்’, ‘விநோத வழக்கு’ என விபரீதத்தின் பெயராக நிற்கிறது. மனச்சோர்வை விலக்கி ஓட்டுவது என்ற தாதுப்பொருளில் பிறந்த சொல்லுக்கு இந்நிலை நேர்ந்தது வருந்தத்தக்கது.

கன்னட நாட்டில் அச்சொல் பெற்றிருந்த கௌரவத்தை அறிய, 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்யாண நகரத்திலிருந்து அரசாண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் ‘மானஸோல்லாஸம்’ என்ற வடமொழி நூல் ஒன்றே போதும். இருபது இருபது அத்தியாயங்களாக ஐந்து பகுதிகள் கொண்ட அப்பெருநூலில், நான்காம் பகுதி முழுவதும் விநோதங்களுக்கே உரியது. யானையும் குதிரையும், மல்யுத்தமும் சேவற்போரும், கீதமும் வாத்தியமும் நிருத்தியமும் கதை கேட்டலும் அங்கே முறையாக விவரிக்கப்படுகின்றன. தூண்டில் போடும் விநோதத்துக்கு எந்த மீனுக்கு எந்த இரை ஏற்றது என்பதைக்கூட, நாடாளும் வேந்தன் ஒருவன் எவ்வளவு சிரத்தையோடு எழுதிவைத்தான் என்று எண்ணும்போது, மனக்களிப்பையும் ராஜதர்மத்தின் ஓர் அங்கமாகவே அவன் கருதினான் என்பது தெளிவாகிறது.

தமிழிலும் அச்சொல்லின் நல்வாழ்வு நெடுங்காலம் நீடித்தது. அட்டாவதானம் வீராசாமி செட்டியார், கம்பர், ஒட்டக்கூத்தர் முதலிய புலவர்களின் கதைகளைச் சுவைபடத் தொகுத்து 1876இல் வெளியிட்ட நூலுக்கு ‘விநோதரச மஞ்சரி’ என்றே பெயரிட்டார். படிப்பவர் நெஞ்சம் மலரவேண்டும் என்பதைத் தவிர அத்தலைப்புக்கு வேறு கருத்தில்லை. இன்று கர்நாடகத்தைச் சேர்ந்த பல்லாரியிலிருந்து 1891இல் சென்னைக்கு வந்து நாடகமாடிய குழுவின் பெயர் ‘சரஸ விநோதினி சபா’. அவ்வாட்டத்தைக் கண்டு உள்ளம் கிளர்ந்த பம்மல் சம்பந்த முதலியார், அவ்வாண்டிலேயே சுகுண விலாச சபை என்னும் தமிழ் நாடகக் குழுவைத் தொடங்கினார். நவீனத் தமிழ் நாடகத்தின் தொடக்கத்தில் விநோதம் என்ற சொல்லும் உடனிருந்தது.

பிற்காலத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல் வந்து அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. பொழுதைப் போக்குவதும் துயரைப் போக்குவதும் ஒன்றாகா என்பதே என் துணிபு.

1809இல் தண்டு எனப்படும் படைமுகாம் அமைந்த நாள்தொட்டுப் பெங்களூரில் கன்னடரோடு கலந்து வாழ்ந்துவரும் தமிழர், அச்சொல்லின் பழைய பொருளை அண்டைவீட்டார் வாயிலாக இன்றும் கேட்கும் பேறு பெற்றவர்கள். அடுத்த ஆண்டுவிழாவுக்கு அவர்தம் சங்கங்கள் அச்சிடும் தமிழ் அழைப்பிதழில், ‘கலை நிகழ்ச்சிகள்’ என்று போடுமிடத்தில் ‘விநோத நிகழ்ச்சிகள்’ என்று போடுவார்களாக.