முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டை மன்னர் கல்லூரி உதவித்தொகையும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (30 சூலை 1886 – 22 சூலை 1968) புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி. ஆண்களுக்கான புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்து, சமஸ்தானத்தின் உதவித்தொகையுடன் படித்தவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்களின் உயர்கல்விக்குக் கிடைத்த பொருளுதவியின் வரலாற்றில் இவருடைய கல்லூரிச் சேர்க்கை முக்கியமான நிகழ்வாகும்.

பின்னணி

இவருடைய தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். பருவமெய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்லாத அக்காலத்தில், முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார்.

கல்லூரிச் சேர்க்கை

கல்லூரியில் இடம் கேட்டு இவர் விண்ணப்பித்தபோது அப்போதைய முதல்வரும் மாணவர்களின் பெற்றோர் சிலரும் எதிர்த்தனர். பெண் என்பது ஒரு காரணம். தாயின் குலம் மற்றொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் (ஆட்சி: 1886–1928) இந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு, இவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டதுடன் உதவித்தொகையும் வழங்கினார். கல்லூரிக் கதவு மூடியிருந்தால் கையில் பணம் இருந்தும் பயனில்லை என்பதால், இடமும் பணமும் சேர்ந்து கிடைத்ததே இந்த உதவியின் சிறப்பு.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, பதக்கங்களும் பரிசுகளும் பெற்று 1912-இல் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்ற பெயரைப் பெற்றார். 1930-இல் ஔவை இல்லத்தையும், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். உதவி பெற்றுப் படித்த ஒருவர், ஆதரவற்ற பெண்கள் தங்கிப் படிக்க இல்லம் அமைத்தது குறிப்பிடத்தக்கது.

மன்னரின் ஆணையிலிருந்து அரசாணைக்கு

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஒரு மன்னரின் விருப்பத்தைப் பொறுத்திருந்த உதவி, இன்று தகுதி வரையறுக்கப்பட்ட அரசுத் திட்டங்களாக மாறியுள்ளது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்புக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் வழங்கப்படுகிறது. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேர்வாகும் 1,000 அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்கு இளநிலைப் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு ரூ.10,000 கிடைக்கிறது.

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில், 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. 1989 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் நடைபெற்ற திருமண உதவித் திட்டமே இவ்வாறு உயர்கல்வித் திட்டமாக மாற்றப்பட்டது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர் இராமாமிர்தம். அதை ஒழிக்கும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழிவகுத்தவர் முத்துலட்சுமி.

மதிப்பீடு

முத்துலட்சுமி பெற்றது சலுகை. இன்றைய மாணவி பெறுவது உரிமை. மறுக்கப்பட்டால் காரணம் கேட்கலாம். எனினும் மாதம் ரூ.1,000 புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உதவுமேயன்றி, சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையோ வெளியூர் விடுதிச் செலவையோ ஈடுசெய்யாது. வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றில் அந்தந்தத் திட்டம் கேட்பதை உரிய நேரத்தில் தராவிட்டால், தகுதி இருந்தும் உதவி தள்ளிப்போகும். 1904-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு மாணவியின் படிப்பு மன்னரின் ஒரு சொல்லில் நின்றது. இப்போது அது பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்பே இவ்விவரங்களை மாணவிக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்லும் பள்ளியைப் பெரிதும் சார்ந்துள்ளது.