எந்த மரக்காலால் அளந்தார்கள்?
(முதியோர் நலத்தை அளந்து பார்த்த வரலாறு)

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நெல் கணக்கு வரும் இடங்களைப் படித்தவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும். இத்தனை கலம் நெல் என்பதோடு கல்வெட்டு நின்றுவிடாது. ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்த நெல் என்றும், அது ‘இராசகேசரி’ என்ற மரக்காலுக்கு ஒக்கும் என்றும் சேர்த்து வெட்டி வைத்திருப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. எண் மட்டும் சொன்னால் போதாது, எந்த அளவையால் வந்த எண் என்பதையும் சொல்ல வேண்டும்.

அரிசி வியாபாரம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிப்பு உண்டு. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பது வாய்பாடு. ஆனால் படிக்குப் படி வித்தியாசம். பட்டணம் படி வேறு, தஞ்சாவூர்ப் பக்கத்துப் படி வேறு. 1956-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் வந்து, படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் கட்டாயமான பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. இன்றைக்கும் கடைத் தராசுக்கு முத்திரை போடாமல் வியாபாரம் செய்ய முடியாது.

நெல்லுக்கும் அரிசிக்கும் இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்ட நாம், ஒரு முதியவரின் நினைவையும் நடையையும் மன நிறைவையும் எந்த மரக்காலால் அளக்கிறோம்? அந்த அளவை எங்கே செய்தது, யாருக்காகச் செய்தது? இதன் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நாம் வாழும் தில்லிக்குப் பக்கத்திலேயே நடந்தது என்பதும் பலருக்குத் தெரியாது.

1. பழையவர்கள் கண்ட அடையாளங்கள்

சமண முனிவர்களின் பாடல்கள் நானூறு அடங்கியது நாலடியார். அதன் இரண்டாம் அதிகாரம் இளமை நிலையாமை. அறம் சொல்ல வந்த இடம்தான், மருத்துவம் சொல்ல வந்த இடமல்ல. ஆனாலும் அங்கே முதுமைக்குச் சொல்லப்படும் அடையாளங்களைப் பாருங்கள். உடல் தளர்வது, தலை நடுங்குவது, தடியை ஊன்றி நடப்பது என்று ஒரு மருத்துவர் முதலில் கவனிக்க வேண்டியவை எல்லாம் வந்துவிடுகின்றன. தலை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் இன்றைய நரம்பியல் டாக்டர்களும் தேடுகிற குறிகள்தாம்.

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒரு முறை உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டையும் வைத்தியர் பார்க்க வேண்டும். இதில் ‘மொழி’ ஒரு தேர்வாக இடம் பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நோயாளி பேசுவதைக் கேட்காமல் தேர்வு முடியாது. வைத்தியரும் நோயாளியும் ஒரே பாஷை பேசினார்கள் என்பது அங்கே சொல்லாமலே விளங்கும்.

எங்கள் சமயத்தில் சல்லேகனை என்னும் நோன்பு உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து முடிந்ததைச் சொல்லும் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டைத் தமிழறிந்தோர் அறிவர். அந்த நோன்பைப் பற்றிய வாதங்களுக்குள் நான் இங்கே போகவில்லை. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக நூலில், தீர்க்க முடியாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றை அதற்குரிய நிலைகளாகச் சொல்கிறார். ‘தீர்க்க முடியாத’ என்ற சொல்தான் முக்கியம். தீர்க்கக்கூடியதா, கூடாததா என்று ஒருவர் ஆராய்ந்து சொல்லியாக வேண்டும். முதுமையை எடை போடுவது விளையாட்டுக் காரியமல்ல என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

2. மேல்நாட்டார் செய்த அளவுகோல்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் இதற்கு மார்க் போடும் முறை வந்தது. 1963-ல் அமெரிக்காவில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் குழு, குளிப்பது, உடுத்துவது, கழிவறை செல்வது, எழுந்து இடம் மாறுவது, மலசலம் அடக்குவது, உண்பது என ஆறு காரியங்களை வைத்து ஒரு முதியவர் எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றி இருக்கிறார் என்று அளந்தது. 1965-ல் மஹோனி, பார்த்தெல் ஆகிய இருவரும் பத்து காரியங்களுக்கு நூறு மார்க் என்று ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்தவர் தேறி வருகிறாரா என்று பார்க்க இன்றும் அதுதான் பெரிதும் பயன்படுகிறது. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்துக்கு 1967-ல் ஹோன், யார் என்ற இருவர் ஐந்து நிலைகள் வகுத்தார்கள்.

நினைவுக்கும் அறிவுக்கும் வந்த அளவுகோல்தான் மிகப் புகழ் பெற்றது. 1975-ல் ஃபோல்ஸ்டைன் தம்பதியும் மக்ஹ்யூ என்பவரும் சேர்ந்து செய்த ‘மினி மென்டல்’ தேர்வு. மொத்தம் முப்பது மார்க். இன்று என்ன தேதி, எந்த ஊர், மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது, இப்படிப் போகும். 24-க்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது பொதுவான வழக்கம்.

நல்ல தேர்வுதான். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடப் படி ஏறாதவர், வாழ்நாளில் பென்சில் பிடிக்காதவர், இதில் எத்தனை மார்க் வாங்குவார்? களத்து மேட்டில் நூறு மூட்டைக் கணக்கை மனசில் வைத்திருப்பவர் ஐங்கோணத்தில் தோற்றுப்போவார். பார்த்தெல் அட்டவணையில் உணவைத் தானே நறுக்கிச் சாப்பிடுகிறாரா என்று வரும். கையால் பிசைந்து சாப்பிடுகிற நம்மவருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது.

3. பல்லப்கட் கிராமங்களில் நடந்தது

ஆர்.கே.புரத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது பல்லப்கட். ஹரியானாவின் ஃபரீதாபாத் மாவட்டம். இன்று மெட்ரோவிலேயே போய் வரலாம். எய்ம்ஸ் மருத்துவமனையின் கிராம சுகாதாரத் திட்டம் அங்கே 1965 முதல் நடந்து வருகிறது. 1990-களில் இந்திய, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து அங்குள்ள கிராமங்களில் மறதி நோய் பற்றிய ஆய்வை நடத்தினார்கள். டாக்டர் விஜய் சந்திராவும் டாக்டர் மேரி கங்குலியும் இதில் முதன்மையானவர்கள்.

அவர்கள் முதலில் செய்தது அளவுகோலைத் திருத்தியதுதான். 1995-ல் வெளிவந்த ஹிந்தி மனநிலைத் தேர்வு வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. ‘கண்ணை மூடு’ என்று எழுதியதைப் படித்துச் செய்யச் சொல்வது மூலத் தேர்வு. படிக்கத் தெரியாதவருக்காக, ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் தம் கண்ணை மூடிக் காட்டினார். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதிலாக, ‘உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்’ என்றார்கள். ஏழேழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது போன்ற எளிய காரியங்கள் வந்தன. நினைவில் வைக்கக் கொடுத்த சொற்கள் மாம்பழம், நாற்காலி, காசு. எந்தக் கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த பொருள்கள்.

இதோடு, அன்றாடத் திறமையை அளக்கத் தனியாக ஒரு கேள்விப் பட்டியலும் செய்தார்கள். சாப்பிட்டதை மறந்துவிடுகிறாரா, ஊருக்குள் வழி தவறுகிறாரா, ஒரு செய்தி சொல்லி அனுப்பினால் போய்ச் சொல்கிறாரா என்று வீட்டாரிடம் கேட்பது. இதை 1999-ல் வெளியிட்டார்கள்.

முடிவு 1998-ல் வந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 73.3 சதவீதம் பேர் எழுத்தறியாதவர்கள். 65 வயதுக்கு மேல் மறதி நோய் உள்ளவர்கள் 1.36 சதவீதம்தான், அதில் அல்சைமர் 1.07 சதவீதம். உலகமே வியந்தது. புதிதாக நோய் வருவதைக் கணக்கிட்ட 2001-ஆம் ஆண்டு அறிக்கையிலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 17.5 என்றிருக்க, பல்லப்கட்டில் 4.7 மட்டுமே.

4. தமிழ்நாட்டுக் கணக்கு

நம் மாநிலமும் சளைத்ததல்ல. முதியோர் மருத்துவம் என்ற துறையே இந்தியாவில் சென்னையில்தான் வேர் விட்டது. அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்குத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வ.செ.நடராஜன். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பும் வந்தது.

சென்னைக்கு அருகே திருப்போரூரில் டாக்டர் ராஜ்குமார், டாக்டர் தாரா முதலியோர் செய்த ஆய்வு 1997-ல் வந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் 3.5 சதவீதம் பேருக்கு மறதி நோய் என்றது. அடுத்து வந்ததுதான் நம்மைச் சிந்திக்க வைப்பது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கே.எஸ்.ஜேக்கப் குழு கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் பேரைப் பார்த்து 2007-ல் எழுதியது. அமெரிக்க மனநல சங்கத்தின் இலக்கணப்படி பார்த்தால் 0.8 சதவீதம். படிப்பறிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஏழை நாடுகளுக்காக ‘10/66’ என்ற ஆய்வுக் குழு வகுத்த முறைப்படி பார்த்தால் 10.6 சதவீதம்!

அதே ஊர், அதே ஆயிரம் பேர். ஒரு மரக்காலில் எட்டுப் பேர், இன்னொரு மரக்காலில் நூற்றாறு பேர்.

ஏன் இப்படி? அமெரிக்க இலக்கணத்தில், நினைவு குறைந்திருப்பதோடு அதனால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கவும் வேண்டும். நம் ஊரில் வயசானவருக்கு மருமகள் தட்டு வைப்பாள், பேரன் கைபிடித்துக் கூட்டிப்போவான், பணம் காசு மகன் பார்த்துக்கொள்வான். அவரிடம் யாரும் ஒரு வேலையை எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காத இடத்தில் குறை எப்படித் தெரியும்? ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிடுகிறோம். அன்பினாலேயே நோயை மறைத்துவிடுகிறோம். பல்லப்கட்டின் குறைந்த எண்ணிக்கையில் இதற்கும் ஒரு பங்கு உண்டா என்ற கேள்வி இதிலிருந்து தானாக எழுகிறது.

அண்மைக் கணக்கு 2023-ல் வந்தது. எய்ம்ஸும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் முன்னின்று பல மாநிலங்களில், தமிழ் உட்படப் பல மொழிகளில் நடத்திய ஆய்வு. அறுபதுக்கு மேற்பட்ட இந்தியரில் 7.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்கிறது. பல்லப்கட்டில் பிறந்த ஹிந்தித் தேர்வு அதிலும் ஓர் அங்கமாக இருந்தது.

5. நலம் என்பது நோயின்மை மட்டுமா?

இன்னொரு பெருமையும் தில்லிக்கும் சென்னைக்கும் உண்டு. 1991-ல் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்யத் தொடங்கியது. உலகின் பதினைந்து நகரங்கள் அதில் பங்கு பெற்றன. இந்தியாவில் இரண்டு, புது தில்லியும் சென்னையும். ஒரு மொழியில் செய்து மற்றவற்றில் பெயர்க்காமல், எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் மக்களைக் கேட்டுக் கேள்விகளை உண்டாக்கினார்கள். நூறு கேள்விகள் கொண்ட அது பிறகு 26 கேள்விகளாகச் சுருங்கியது. உடல், மனம், உறவு, சூழல் என நான்கு பகுதிகள். தமிழ் அதில் கடைசியில் பெயர்க்கப்பட்ட மொழி அல்ல, உடன்பிறந்த மொழி.

6. தில்லித் தமிழ் முதியவரின் நிலை

இவ்வளவு வேலை நடந்த பிறகும் நம் வீட்டில் என்ன நடக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மா வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களிடம் வந்து தங்கினார். பேச்சு குறைந்தது, கேட்டதற்குப் பதில் இல்லை. இந்நகரின் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இளம் டாக்டர் ஹிந்தியில் கேட்க, பேரன் தமிழாக்கினான். ‘இன்னிக்கு என்ன தேதி?’ பெரியம்மா, ‘சதுர்த்தசிடா, நான் பச்சை காய்கறி தொடமாட்டேன்’ என்றார். அஷ்டமியும் சதுர்த்தசியும் கணக்குத் தவறாமல் நோன்பு பிடிப்பவர். அன்று சதுர்த்தசிதான். ஆனால் தாளில் தவறு என்று விழுந்தது. இது எத்தனையாவது மாடி என்ற கேள்விக்கு, ‘பெட்டிக்குள்ள நிக்க வெச்சு மேல தூக்கினு வந்தீங்க, எனக்கு எப்படித் தெரியும்’ என்றார். அதுவும் தவறு. முப்பதுக்குப் பதின்மூன்று. மறதி நோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு தமிழ் தெரிந்த ஒரு மூத்த மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். காதைப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். காது மந்தம், பி-12 சத்துக் குறைவு, ஊரைவிட்டு வந்த ஏக்கம், இவை மூன்றும்தான். சுத்த சைவர்களில் பி-12 குறைவு அதிகம் காணப்படும், அது நினைவையும் நரம்பையும் பாதிக்கும் என்று அவர் சொன்னார். ஊசி போட்டு, காதுக்குக் கருவி வைத்து, மூன்று நான்கு மாதத்தில் பெரியம்மா பழையபடி சண்டை போட ஆரம்பித்தார்.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை. உண்மையிலேயே நோய் வந்தும், கணியம்பாடியில் போலக் கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவர்களும் நம்மிடையே இருப்பார்கள். சின்னப் படியால் அளந்தால் வாங்குபவனுக்கு நட்டம், பெரிய படியால் அளந்தால் விற்பவனுக்கு நட்டம். இரண்டுமே அநியாயம்தான்.

ஆகவே அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். வீட்டுப் பெரியவரைச் சோதனைக்கு அழைத்துப் போகும்போது, முதலில் காதும் கண்ணும் சரியா என்று பாருங்கள். எத்தனை வகுப்பு படித்தார், எந்த மொழி பேசுவார் என்று டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். தமிழ்க் கேள்வித்தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு மாதம் முன்னே என்ன செய்தார், இப்போது என்ன செய்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். மார்க்கைவிட அந்த நோட்டு அதிகம் பேசும். பி-12, தைராய்டு இரண்டையும் பார்க்காமல் மறதி நோய் என்ற முடிவை ஏற்காதீர்கள்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஆர்.கே.புரத்தில் சங்கக் கட்டடமும் மலைமந்திரும் இருப்பதால் தில்லியின் நான்கு மூலைகளிலிருந்தும் தமிழர் கூடுகிறார்கள். மாதம் ஒருநாள், தமிழ் பேசும் மருத்துவர் இருவர், பொறுமையுள்ள இளைஞர் நால்வர், தமிழில் ஒரு கேள்வித்தாள் இருந்தால் போதும். நம் பெரியவர்களை அவர்கள் மொழியிலேயே கேட்டு அளக்கலாம். ஆடவல்லான் என்று பெயர் வெட்டி வைத்த முன்னோர்களின் பிள்ளைகள் நாம். எந்த மரக்காலால் அளந்தது என்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.