பேச்சொலி ஆய்வில் கட்டம்: விலக்கும் மீட்பும்

பேச்சொலியை அலையாகக் கொண்டு ஆராய்வோர் அதனைப் பல சைன் அலைகளின் கூட்டாகப் பகுத்துக் காண்பர். பகுக்கப்பெற்ற ஒவ்வோர் அலைக்கும் மூன்று கூறுகள் உண்டு. நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண்; எவ்வளவு வலிமையுடன் அதிர்கிறது என்பது வீச்சு; தன் சுழற்சியில் எவ்விடத்திலிருந்து தொடங்குகிறது என்பது கட்டம். (இலங்கைப் பாடநூல்கள் இதனை அவத்தை என வழங்கும். தமிழ்நாட்டு வழக்கான கட்டம் என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது. சதுரத்தையும் காலப்பகுதியையும் குறிக்கும் இச்சொல் மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் தருவதே.) ஒலியியல் நூல்கள் முதலிரண்டையும் விரிவாகப் பேசும்; மூன்றாவதைச் செவி பொருட்படுத்துவதில்லை என்னும் ஒரு வரியோடு விட்டுவிடும். அவ்வரி எந்த வரம்புகளோடு பிறந்தது, அவ்வரம்புகள் எவ்வாறு உதிர்ந்தன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்தடை விதியால் பெயர்பெற்ற கேயார்க் சைமன் ஓம், 1843இல், செவி கூட்டொலியைத் தனித்தனிச் சைன் அலைகளாகப் பகுத்தே கேட்கிறது என்றார். சைரனைக் கொண்டு சோதனைகள் செய்த ஆகஸ்ட் சேபெக் அதனை மறுத்தார். பின்னர் இவ்வழக்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓமின் பக்கம் நின்றார். மின்காந்தத்தால் இயங்கும் இசைக்கவைகளையும் அவற்றின் முன் நிறுத்திய ஒத்ததிர்விகளையும் கொண்டு அவர் உயிரொலிகளைச் செயற்கையாக எழுப்பினார். ஒத்ததிர்வியின் வாயைச் சிறிது மூடிக் கூறலைகளின் கட்டத்தை மாற்றியபோதும் ஒலியின் பண்பு மாறியதாக அவருக்குப் படவில்லை. 1863இல் வெளிவந்த அவரது நூல், ஒலியின் பண்பு கூறலைகளின் எண்ணிக்கையையும் வலிமையையும் மட்டுமே பொறுத்தது என்ற முடிவைக் கூறிற்று.

ஆனால் அம்முடிவு, நிலைத்து நீடிக்கும் ஒலியின் இசைப்பகுதியைப் பற்றியது மட்டுமே. இரைச்சற் கூறுகளை அவரே விலக்கி வைத்திருந்தார். மொழியியலார் நோக்கில் கூறினால், நீட்டி ஒலிக்கப்பட்ட உயிருக்கு அது பொருந்தும். மெய்களின் வெடிப்பும் உரசலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. பாரிசில் ஒலியியற் கருவிகள் செய்துவந்த ருடால்ஃப் கேனிக் அலைச்சைரன் ஒன்றை அமைத்து, கட்டம் மாறினால் பண்பும் மாறுகிறது என 1881இல் வாதிட்டார். எனினும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயருக்கிருந்த செல்வாக்கே வென்றது.

அம்முடிவை நிலைபெறச் செய்தது வாதமன்று, கருவியே எனலாம். பெல் ஆய்வகத்தில் உருவான ஒலிநிறமாலைவரைவியும், 1947இல் பாட்டர், காப், கிரீன் ஆகிய மூவர் வெளியிட்ட நூலும் உலகெங்கும் பேச்சொலியியலாரின் கண்களைப் பழக்கின. அப்படத்தில் கருமை வலிமையைக் காட்டும். கட்டத்திற்கு அங்கு இடமில்லை. காட்டப்படாததை இல்லாததாகக் கொள்வது ஆய்வாளரின் இயல்பாயிற்று.

1981இல் ஓப்பன்ஹைமும் லிம்மும் வெளியிட்ட கட்டுரை இவ்வியல்பை அசைத்தது. ஒரு முழு வாக்கியத்தின் வீச்சுகளையெல்லாம் சமமாக்கிக் கட்டத்தை மட்டும் விட்டுவைத்தால் பேச்சு இன்னும் விளங்குகிறது. கட்டத்தை நீக்கி வீச்சை மட்டும் வைத்தால் விளங்குவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அதே லிம், வாங் என்பவருடன் சேர்ந்து, இரைச்சல் நீக்கும் பணியில் கட்டத்தைத் துல்லியமாகக் கணிக்க முயல்வதால் பயனில்லை என எழுதினார். இதனை முரண் என்பது மேலோட்டமான வாசிப்பு. முன்னது நொடிக்கணக்கில் நீளும் வாக்கியத்தை ஒருசேரப் பகுத்தது. பின்னது சில பத்து மில்லிநொடித் துண்டுகளாகப் பகுத்தது. நீண்ட துண்டில் எது எப்போது நிகழ்ந்தது என்ற செய்தி கட்டத்திலேயே தங்கும். குறுந்துண்டுகளிலோ அச்செய்தி அடுத்தடுத்த துண்டுகளின் வீச்சு மாற்றமாக வெளிப்பட்டுவிடும். வீச்சிலிருந்தே அலையை மீட்கும் கிரிஃபின்–லிம் முறை 1984இல் தோன்ற முடிந்ததும் இதனால்தான். 2017இல் வந்த டாக்கோட்ரான் என்னும் பேச்சுத் தொகுப்பு அமைப்பும் அம்முறையையே கையாண்டது.

கட்டத்தை நேரடியாக ஆள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கணக்கிட்டுப் பெறும் கட்டம் ஒரு முழுச் சுற்றுக்குள்ளேயே மடிந்து கிடக்கும். அதன் வரைபடத்தில் பொருள் காண்பது அரிது. இதற்கு மாற்றாக, அதிர்வெண்ணுக்கேற்பக் கட்டம் எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்பதைக் கணக்கிடலாம். அதுவே குழுத் தாமதம். மடிப்பைப் பிரிக்காமலே அலையிலிருந்து இதனைப் பெறலாம். பி. யக்ஞநாராயணா 1978இல் கட்ட நிறமாலையிலிருந்து ஃபார்மண்ட்களைப் பெறும் வழியை வெளியிட்டார். பின்னர்ச் சென்னை ஐ.ஐ.டி.யில் அவரும் ஹேமா மூர்த்தியும் இதனை வளர்த்தனர். அவர்களது 1991ஆம் ஆண்டுக் கட்டுரை குழுத் தாமதத்திலிருந்தே ஃபார்மண்ட்களைப் பிரித்தெடுத்தது.

இதன் சிறப்பு மொழியியலார்க்கு உடனே புலப்படும். வீச்சு நிறமாலையில் குரற்பாதையின் ஒத்ததிர்வுகள் ஒன்றையொன்று பெருக்குகின்றன. அருகருகே அமைந்த இரண்டு ஒரே மேடாகத் தோன்றும். குழுத் தாமதத்தில் அவை கூடுகின்றன. முகடுகளும் கூர்மையாக இருப்பதால் தனித்து நிற்கும். உகரம், ஒகரம் ஆகியவற்றில் முதலிரு ஃபார்மண்ட்களும், வளைநா ஒலிகளில் மூன்றாவது தாழ்ந்து இரண்டாவதும் நெருங்கும்போது இவ்வேறுபாடு பெரிது. குரல்வளைத் துடிப்பாலும் பகுப்புச் சாளரத்தாலும் தோன்றும் பொய்முகடுகள் இம்முறையின் குறையாயிருந்தன; அவற்றை அடக்கிய திருத்திய வடிவம், 2003இல் ஒலியன்களை இனங்காணும் பணியில் சோதிக்கப்பட்டது.

செவிப்புலச் சான்றும் வந்தது. உயிரிடை வெடிப்பொலிகளை ஆராய்ந்த லியூ, ஹீ, பாம் ஆகியோரின் 1997ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒலிப்பிடத்தை அறியச் செவி பெரிதும் வீச்சையும், ஒலிப்புடைமையை அறியக் கட்டத்தையும் சார்கிறது எனக் கண்டது. உயிரிடையில் வல்லினம் நெகிழ்ந்து ஒலிப்புடையதாகும் தமிழுக்கு இம்முடிவு நெருக்கமானது. நிறமாலைப் படத்தை மட்டும் நோக்கி அந்நெகிழ்ச்சியை அளந்த ஆய்வுகளை மீண்டும் சோதித்தல் தகும் என்பது என் கருத்து.

2004இல் பிரசாத், நாகராஜன், மூர்த்தி ஆகியோர் இக்கணிதத்தை வேறொரு பணிக்குத் திருப்பினர். தொடர்பேச்சின் ஆற்றல் வளைவையே ஒரு வீச்சு நிறமாலைபோலக் கொண்டு, அதன் குழுத் தாமதத்தைக் கணக்கிட்டு, பேச்சைச் சிலபிள் போன்ற துண்டுகளாகப் பிரித்தனர். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சுத் தொகுப்புக்குத் தரவைக் குறியிட இம்முறை பயன்பட்டது. இத்துண்டினை அசை என்று மொழிபெயர்ப்போர் எச்சரிக்கை கொள்ள வேண்டும். யாப்பில் படகு என்பது நிரையும் நேருமாக இரண்டு அசை. ஆற்றல் வளைவிலோ அதன் மூன்று உயிர்களுக்கும் மூன்று முகடுகளே எதிர்பார்க்கப்படும்.